ஷாலுவைத் தோற்கடிக்கலாமா?

ஷாலுவின் அம்மா ரத்னாபாய் எனக்கு லஞ்சம் கொடுக்க வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பாறசாலையிலிருந்து பாசஞ்சர் ரயிலில் தம்பானூர் வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து, திருவனந்தபுரம் பட்டத்தில் இருக்கும் எங்கள் எஃப்.எம். நிலையத்துக்கு வந்திருந்தாள். மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா. டப்பாவுக்குள் முந்திரிக்கொத்து. மகள் ஸ்டுடியோவுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து வந்திருக்கிறாள் என்பதிலிருந்தே காரியம் நேரானதல்ல என்று தெரிந்துவிட்டது.

நான் சுப்புலக்ஷ்மி, காலை நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். கரமனை அக்ரஹாரத்துக்காரி என்பதால் நிலையத்தில் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் மாமி. இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் லஞ்சம் கொடுக்க முயன்றதில்லை. காலை நிகழ்ச்சியில் காசு கொடுத்து வாங்க என்ன இருக்கிறது, வானிலையையா மாற்றிச் சொல்ல முடியும்? அதனால் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

ஒன்றை எடுத்துக் கடித்தேன். அருமையாக இருந்தது. கடலைமாவில் செய்ததா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ரத்னாபாய் வந்த காரியத்தையே மறந்துவிட்டாள். சிறுபயறை மணம் வரும்வரை வறுக்க வேண்டுமாம், தோல் போகப் புடைத்துப் பொடிக்க வேண்டுமாம், பாகு பதம் தவறினால் உருண்டை உடைந்து எண்ணெயெல்லாம் பாழாகுமாம். கடலைமாவைப் பிசைந்து பொரித்துக் கண்ணாடி அலமாரியில் வைத்து விற்கிற பேக்கரிக்காரர்களைக் கர்த்தர் பார்த்துக்கொள்வாராம். பாறசாலை வட்டாரத்தில் கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்துகொடுப்பவள் அவள். அவள் செய்த முந்திரிக்கொத்து போகாத கல்யாணம் அந்தப் பக்கத்தில் அபூர்வம். நான் தப்பாகக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்ட பிறகுதான் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் சொன்னாள். "வியாழக்கிழமை ஒரு நாளு மட்டும் எனக்க பிள்ளைய ஜெயிக்க வையுங்க, மேடம்."

விஷயம் இதுதான். நெய்யாற்றின்கரையில் வங்கியில் வேலை பார்க்கும் லிபின் என்ற பையனை ஷாலுவுக்குப் பார்த்திருந்தார்கள். பார்த்திருந்தார்கள் என்பது பெரியவர்களின் கணக்கு. அதற்கு முன்பே ஒரு கல்யாணப் பந்தியில் அவர்கள் இரண்டு பேரும் பார்த்துப் பேசிப் பிடித்துப்போய், பெரியவர்கள் கண்டுபிடித்தது போலத் தோன்றும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். எல்லாம் கூடிவந்த சமயத்தில் லிபினின் அம்மா தங்கபாய் முட்டுக்கட்டை போட்டுவிட்டாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தினமும் காலையில் சமையலறையில் எங்கள் நிகழ்ச்சிதான் ஓடும். அதில் வரும் போன் போட்டியில் தினமும் ஷாலு தோற்பதை அவள் கேட்கிறாள். ஊருக்கே அசடான பெண்ணை நான் எப்படி மருமகள் என்று சபையில் அழைத்துக்கொண்டு போவது என்று கேட்டிருக்கிறாள். கடைசியில் தரகுக்கு நடந்த பாஸ்டரின் மனைவியிடம் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஒரே ஒரு நாள் அந்தப் பெண் போட்டியில் ஜெயிக்கட்டும், அப்புறம் பேசலாம். வியாழக்கிழமை தங்கபாயின் அண்ணன் குடும்பமும் வருகிறது. எல்லோருமாக உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு இந்தப் பேச்சு இல்லை.

எங்கள் நிகழ்ச்சியில் யாரையும் யாரும் ஜெயிக்க வைப்பதில்லை, எல்லாம் நேர்மையாக நடக்கிறது என்று நான் கறாராகச் சொன்னேன். சொல்லும்போதே அது பச்சைப் பொய் என்று எனக்குத் தெரியும். எங்கள் நிகழ்ச்சியில் ஒன்பது வருஷமாக ஒருத்தி தினமும் ஒருவரை ஜெயிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அது அவள் மகள்தான்.

ஷாலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அவள் மேல் பட்சபாதம் உண்டு, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் காலை நிகழ்ச்சி மலையாளத்தில். 'சூடோடெ கிரிஷ்', அதாவது சுடச்சுடக் கிரிஷ், என்று பெயர். முதல் மைக் கிரிஷ்ஷுடையது. நகரத்தில் பேருந்தின் பின்புறமெல்லாம் அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பான். நல்ல குரல், நல்ல பையன், தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம். முன்பெல்லாம் இரண்டாம் மைக்குக்கு ஆள் நின்றதே இல்லை. வந்தவர்கள் எல்லோரும் முதல் மைக்கின் மேல் கண் வைத்து வந்தார்கள். கிரிஷ் ஒன்று சொன்னால் அதைவிடச் சாமர்த்தியமாக இவர்கள் ஒன்று சொல்வார்கள். காலை ஏழு மணிக்கு இரண்டு சாமர்த்தியசாலிகள் மோதிக்கொள்வதை யார் கேட்பார்கள்? பல் தேய்க்கிறவர்கள் துப்பிவிட்டு வேறு ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

ஷாலு அப்போது போக்குவரத்து நிலவரம் சொல்ல எடுத்த தற்காலிக ஆள். தம்பானூரில் நின்றுகொண்டு போனில் சொல்ல வேண்டும். ஒரு மழை நாளில் தம்பானூர் வழக்கம்போலக் குளமாகிவிட்டது. எந்த வழி திறந்திருக்கிறது என்று கிரிஷ் கேட்டான். தனக்குத் தெரியாது என்றும், தான் ஒரு லாட்ஜ் படிக்கட்டில் மாட்டிக்கொண்டிருப்பதாகவும், செருப்பு ஒன்று ஸ்ரீகண்டேஸ்வரம் பக்கமாக மிதந்து போவதாகவும், அது போகிற வேகத்தைப் பார்த்தால் அந்த வழி திறந்திருக்கலாம் என்றும் சொன்னாள். கிரிஷ் சிரித்துவிட்டான். ஒலிபரப்பில் அவன் உண்மையாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். மறுவாரம் அவளை உள்ளே கொண்டுவந்து இரண்டாம் மைக் முன்னால் உட்கார வைத்தேன்.

உட்கார்ந்த முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. அவளுடைய சிரிப்பு முந்தியும் வராது, பிந்தியும் வராது. கிரிஷ் ஒரு ஜோக்கைச் சொல்லி மூச்சு விடும் இடத்தில் சரியாக வந்து உட்காரும். ஜோக் மட்டமாக இருந்தால் சிரிக்காமல் 'அய்யே' என்பாள், ஜோக்கைவிட அந்த 'அய்யே'வுக்கு ஊர் சிரிக்கும், பெயர் கிரிஷ்ஷுக்குப் போகும். அவன் அப்பா செத்துப்போய்ப் பதினாறு முடிந்து வேலைக்கு வந்த காலையில், அவன் குரல் எங்கெங்கே உடைகிறதோ அங்கெல்லாம் இவள் குறுக்கே புகுந்து எதையாவது உளறினாள். கேட்டவர்களுக்கு ஷாலு இன்றைக்கு ரொம்பத்தான் வாயாடுகிறாள் என்று தோன்றியிருக்கும். தோன்றட்டும் என்றுதான் செய்தாள். அந்த வருஷம் சிறந்த தொகுப்பாளர் விருது கிரிஷ்ஷுக்குத்தான் கிடைத்தது. மேடையில் அவன் "என் டீமுக்கு நன்றி" என்று சொன்னபோது கீழே அந்த டீம் மொத்தமும் கையைத் தட்டிக்கொண்டிருந்தது, அதாவது ஷாலுவும் நானும்.

நடுவில் மதிய நேரத்தில் அவளுக்கே தனியாக ஒரு நிகழ்ச்சி கொடுத்துப் பார்த்தோம். நன்றாகத்தான் செய்தாள். சில மாதத்தில் தானே வந்து காலைக்குப் போகிறேன் என்றாள். தனியாகப் பேசுவதில் என்ன குறை என்று கேட்டேன். பக்கத்தில் ஒருவர் பேசுவதைக் கேட்டு அதை நன்றாக ஆக்குவதுதான் தனக்குப் பிடித்த வேலை என்றாள். இந்த ஊரில் இப்படி ஒரு ஆசையை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஜீவன் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

அவளுடைய பெரிய வித்தை எட்டு மணிக்கு வரும் 'ஷாலுவைத் தோற்கடிக்கலாமா?' பள்ளிப் பேருந்துகளும் ஆபீஸ் ஆட்டோக்களும் நெரிசலில் நிற்கும் நேரம். போனில் ஒருவர் வருவார். கிரிஷ் கேள்வி கேட்பான். போன்காரர் முதலில் சொல்ல வேண்டும், தவறினால் ஷாலுவுக்கு வரும். கேள்விகள் சுலபமானவை. எட்டு மணிக்கு யாருக்கும் மூளை முழுதாக விழித்திருக்காது என்பதால் நான் பார்த்துத்தான் எழுதுவேன். இரண்டு பேரும் சமமாக நின்றால் கடைசிக் கேள்வியை ஷாலுவே கேட்கலாம். போன்காரர் அதைச் சொல்லிவிட்டால் அவருக்கு ஒரு குக்கர் பரிசு. சொல்லாவிட்டால் ஷாலு ஜெயித்ததாகக் கணக்கு.

அந்தக் கணக்கு ஒரு நாளும் எழுதப்பட்டதில்லை. "அய்யோ, அறிஞ்ஞூடல்லோ" என்பாள். தெரியாதே என்பதற்குத் திருவனந்தபுரத்துப் பேச்சு. ஊரில் குழந்தைகள்கூட அதே ராகத்தில் அதைச் சொல்லும். போன்காரர் பதில் சொல்வதற்குள் குறுக்கே புகுந்து அசட்டுத்தனமாக ஏதாவது கேட்பாள். "அது அந்த ஒட்டகம் எல்லாம் இருக்கிற ஊர்தானே, இல்லையா?" என்பாள். போன்காரர் உடனே ராஜஸ்தான் என்று கத்துவார். அவளுடைய அசட்டுக் கேள்விகளைச் சேர்த்துவைத்தால் எல்லாமே துப்புகள். கடைசிக் கேள்வி வந்தால் கேட்கவே வேண்டாம். பேச்சோடு பேச்சாக அவர் யார், என்ன செய்கிறார், எதில் கெட்டிக்காரர் என்று தோண்டி எடுத்துவைத்திருப்பாள். விழிஞ்ஞத்து மீன்காரரிடம் மத்திக்கும் அயிலைக்கும் செதிலில் என்ன வித்தியாசம் என்பாள். சாலை பஜாரில் துணிக்கடையில் நிற்கிற பெண்ணிடம், மலையாளப் பெண்கள் உடுத்தும் செட்டுமுண்டுக்கு எத்தனை துண்டு என்பாள். அந்தப் பெண் பதிலைச் சொல்லிவிட்டு அழுதாள், வாழ்க்கையில் தான் எதிலும் ஜெயித்ததில்லை என்று. ஷாலு தன் தலையெழுத்தை நொந்துகொண்டு இன்றைக்கும் தோற்றுப்போனேனே என்று புலம்பினாள். அந்தப் புலம்பல்தான் பரிசின் மேல் வைத்துக் கொடுக்கிற பூ.

ஜெயிக்க எத்தனையோ பேருக்குத் தெரியும். எதிராளிக்குச் சந்தேகமே வராமல் தோற்க எனக்குத் தெரிந்து ஒருத்திக்குத்தான் தெரியும். அதையே அவளுக்கு எதிராகத் திருப்பி, அறிவில்லாதவள் என்று ஒரு வீடு கதவைச் சாத்துகிறது. எனக்கு ஆத்திரம் வந்தது.

புதன்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் அவளைக் கேண்டீனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அம்மா வந்துபோனதைச் சொல்லவில்லை. நிபந்தனை எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னேன். நாளைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், நாக்கைக் கட்டாமல் பதிலைச் சொல்லித் தொலையேன் என்றேன். காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். லிபினைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். பிடித்திருக்கிறது என்றாள், தலையைக்கூட நிமிர்த்தாமல். பிடித்திருப்பது அந்த நிமிராததிலேயே தெரிந்தது.

"பின்னே என்னடி உனக்கு?" என்றேன்.

"விளிக்கிறவிய ஜெயிக்கத்தானே மாமி விளிக்காவ. எத்தனையோ நாளு லைன் கிட்டாம நாளைக்குத்தான் ஒருத்தருக்குக் கிட்டும். எனக்க கல்யாணத்துக்கு அவிய எதுக்குத் தோக்கணும்?"

லிபின் அவன் அம்மாவிடம் பேசமாட்டானா என்றேன். பேசியிருக்கிறான். அம்மாவை மீறி வரட்டுமா என்றும் கேட்டிருக்கிறான். அம்மாவை அழவைத்துவிட்டு வருகிறவன் தனக்கு வேண்டாம் என்று இவள்தான் சொல்லியிருக்கிறாள். காப்பி ஆறிப்போயிற்று.

வியாழக்கிழமை எட்டு மணிக்குப் போன் லைன்களைத் திறந்தேன். எந்த அழைப்பை உள்ளே அனுப்புவது என்பது என் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷாலுவும் கிரிஷ்ஷும், இந்தப் பக்கம் நானும் போன்களும். முதல் லைனை எடுத்தேன். கவடியாரிலிருந்து மாளவிகா பேசுவதாக ஒரு குரல் மலையாளத்தில் சொன்னது. அரண்மனைப் பக்கத்துச் சீமாட்டி பேசுவது போல இழுத்து இழுத்துப் பேச முயன்ற குரல். ஆனால் அந்தக் குரல் முந்தாநாள்தான் எனக்குப் பயறு வறுக்கும் பதத்தைப் பற்றி வகுப்பு எடுத்திருந்தது.

ஒரு கணம் யோசித்தேன். மகள் ஜெயிக்க மாட்டாள் என்று தெரிந்ததும் தாய் தானே தோற்க வந்திருக்கிறாள். கேள்வி எல்லாவற்றுக்கும் தப்பாகச் சொல்வாள். யாருக்கும் நஷ்டமில்லை, யார் வாய்ப்பும் போகாது, ஷாலு ஜெயித்தாக வேண்டும். இதைவிட நல்ல வழி எனக்கே தோன்றியிருக்காது. விதிப்படி நிலையத்து ஊழியர்களின் குடும்பத்தார் கலந்துகொள்ளக் கூடாது. ஆனால் மாளவிகா யாருடைய குடும்பத்திலும் இல்லையே. உள்ளே அனுப்பிவிட்டேன். அந்த முந்திரிக்கொத்தைத் தின்ற வாய்க்கு அன்று வேறு வழியும் இல்லை.

"ஹலோ" என்ற ஒற்றைச் சொல்லிலேயே ஷாலுவுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பென்சில் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

ஓணம் எந்த மாதம் என்று கிரிஷ் கேட்டான். அது நம் ஆவணி என்று மலையாள நாட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். மாளவிகா கும்பம், நம் மாசி, என்றாள். கிரிஷ் திடுக்கிட்டுப் போய்க் கேள்வியை ஷாலுவிடம் தந்தான். ஷாலு அய்யோ அறிஞ்ஞூடல்லோ என்றாள். பூக்கோலம் போடுகிற மாதம் என்று ஞாபகம் இருக்கிறது, ஆனால் பெயர் வர மாட்டேன் என்கிறது என்றாள்.

சங்குமுகம் கடற்கரையில் படுத்திருக்கிற பெரிய சிலை யாருடையது என்று அடுத்த கேள்வி. அது கடல்கன்னி. மாளவிகா ஒரு யானையுடையது என்றாள். ஷாலு, தான் எப்போது போனாலும் கடலைத்தான் பார்ப்பதாகவும் சிலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவதாகவும் சொன்னாள். எட்டுக்கால் பூச்சிக்கு எத்தனை கால் என்றான் கிரிஷ், குரலில் லேசான பயத்தோடு. மாளவிகா ஆறு என்றாள், அழுத்தம் திருத்தமாக. ஷாலு, அது ஓடிக்கொண்டே இருக்குமே, நின்றால்தானே எண்ண முடியும் என்றாள்.

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்கள். அன்று இரண்டும் பின்பக்கமாகப் பாய்ந்தன. ஒன்றைவிட ஒன்று தாழப் போனது. வெளியே சாலையில் பேருந்துகளில் ஜனங்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்று அப்புறம் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாறசாலையில் ஒரு வீட்டில் ஒரு தாய் போனை இறுகப் பிடித்துக்கொண்டு, தெரிந்த பதிலையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தாள். தன் மகள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, சரி என்று சொல்லட்டும் என்று. மகளோ அந்தத் தாய் பொய்ப் பேரில் வந்திருந்தாலும் ஊர் முன்னால் தோற்று நிற்கக் கூடாது என்று தன் கல்யாணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நெய்யாற்றின்கரையில் தங்கபாய் வீட்டார் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேள்விகள் தீர்ந்தன. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். நிகழ்ச்சியின் சரித்திரத்தில் அப்படி நடந்ததில்லை. விதிப்படி இனிக் கடைசிக் கேள்வி ஷாலுவுடையது என்று கிரிஷ் சொன்னான். மாளவிகா எதைச் சொன்னாலும் தப்பாகச் சொல்லிவிட்டால் போதும், ஷாலு ஜெயித்தாள், கல்யாணம் நிச்சயம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அம்மா கேட்டதைக் கொடுத்தாகிவிட்டது.

ஷாலு என்னைப் பார்க்கவில்லை. கிரிஷ்ஷைப் பார்க்கவில்லை. மைக்கையே பார்த்துக்கொண்டு கேட்டாள். கவடியார் பக்கத்துப் பேக்கரிகளில் முந்திரிக்கொத்து விற்கிறார்களே, சேச்சி வாங்கிச் சாப்பிட்டிருப்பீர்களே. அது கடலைமாவில் செய்வதா, சிறுபயறில் செய்வதா?

லைனில் சத்தமே இல்லை. வானொலியில் மௌனம் என்பது வீட்டில் பால் பொங்குவது மாதிரி, கை தானாகப் பதறும். கிரிஷ் என்னைப் பார்த்தான். நான் கையைத் தூக்கிப் பொறு என்றேன்.

கடலைமாவு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தப்பாகச் சொல்வது அவ்வளவு சுலபம். ஓணத்தைக் கும்பத்தில் கொண்டுபோய் வைத்தவளுக்கு இது எம்மாத்திரம்? ஆனால் அந்தச் சொல்லைச் சொல்வதற்கு ரத்னாபாயின் வாய் வராது என்று, அந்த வாயிலிருந்தே பேசக் கற்றவளுக்குத் தெரிந்திருந்தது.

"கட..." என்றது லைன். நின்றது. மறுபடியும் "கட..." என்றது. அப்புறம் கவடியார் மாளவிகா காணாமல் போனாள்.

"கடலைமாவுலயா? எந்தப் பேக்கரிக்காரன் உனக்கிட்ட அப்படிச் சொன்னான்? சிறுபயறுலா பிள்ளே! வறுத்துப் பொடிச்ச சிறுபயறு!"

சுத்தமான பாறசாலைத் தமிழ். திருவனந்தபுரம் முழுக்கக் கேட்டது.

சரியான விடை என்று கிரிஷ் கத்தினான். பழக்கத்தில் கைத்தட்டல் ஒலியைத் தட்டிவிட்டான். கைத்தட்டல் அடங்கியபோது லைனில் ஒரு விசும்பல் கேட்டது. ரத்னாபாய்க்குத் தான் ஜெயித்துவிட்டது அப்போதுதான் உறைத்திருந்தது. ஒலிபரப்பில் இருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

"நீ ஜெயிச்சிருக்கலாம்லா மக்களே. ஏன் பிள்ளே ஜெயிக்கல்ல?"

நான் லைனைத் துண்டித்திருக்க வேண்டும். விரல் பொத்தானின் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை.

ஷாலு மைக்குக்கு இன்னும் பக்கத்தில் வந்தாள். ஒன்பது வருஷமாகத் தினமும் சொன்னதை அதே ராகத்தில் சொன்னாள். கடைசியில் மட்டும் ஒரு சொல் கூடுதலாக இருந்தது.

"அய்யோ, அறிஞ்ஞூடல்லோ, அம்மா."

பேசுவதற்கே பிறந்த கிரிஷ் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். அவனைப் பற்றி நான் முன்னால் சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஷாலு தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் போயிற்று என்று முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் செய்தது தப்பு என்று எழுதியிருக்கவில்லை.

பாட்டு முடிவதற்குள் இரண்டாம் லைன் அடித்தது. எடுத்தேன். போட்டி முடிந்துவிட்டது என்று சொல்வதற்குள் அந்தப் பக்கம் தன் பெயரைச் சொல்லிவிட்டது. தங்கபாய், நெய்யாற்றின்கரை. வகுப்பில் பேர் கூப்பிடுகிற குரல். நான் என்னையறியாமல் எழுந்து நின்றேன்.

கவடியாரில் இருக்கும் அந்த மாளவிகாவின் முந்திரிக்கொத்தைத் தன் குடும்பத்துக் கல்யாணங்களில் பலமுறை சாப்பிட்டிருப்பதாகச் சொன்னாள். குரலையும் தெரியும், கை ருசியையும் தெரியும். இரண்டாம் கேள்விக்கே தனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாம். என் பக்கத்துக் குற்றத்துக்கு ஏதாவது கேட்பாளோ என்று பயந்தேன். அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அந்தப் பிள்ளை வெவரமில்லாததுன்னு நான்தான் சொன்னேன். எனக்க வீட்டுக்கு வாறதுக்கு அது ஒரு பதில் சொன்னா போதும். பெத்த அம்மை தோக்கக் கூடாதுன்னு அதை வேண்டாம்னு வச்சிட்டு. எனக்கு வயசாவும்போது அப்படி ஒருத்தி பக்கத்தில இருக்கணும், மேடம். ஞாயித்துக்கிழமை வாறோம்னு சொல்லுங்க."

வேறு ஏதாவது நிபந்தனை உண்டா என்று நான் துணிந்து கேட்டேன். என் வாய் அப்படி. ஒன்று உண்டு என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெண் வேலையை விட்டுவிடக் கூடாது, காலையில் சமைக்கும்போது தனக்குப் பொழுது போகாது என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அதற்குள் பாட்டு முடிந்து, சிவப்பு விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. ஒலிபரப்பில் இருப்பவர்களிடம் நான் பேச வேண்டுமானால் அவர்கள் தலையில் மாட்டியிருக்கும் ஹெட்போனில் மட்டும் கேட்கும்படி பேசலாம். கிரிஷ் வானிலையை ஆரம்பித்திருந்தான். காத்திருந்து வெளியே வந்ததும் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. ஷாலுவின் காதில் மட்டும் விழும்படி பொத்தானை அழுத்திச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை அவா எல்லாரும் வராடி. தங்கபாயே போன் பண்ணிச் சொல்லியாச்சு."

கிரிஷ் அப்போது மழையைப் பற்றி ஒரு ஜோக் சொன்னான். படுமட்டமான ஜோக். சொல்லி முடித்து, ஷாலுவின் சிரிப்பு வந்து உட்கார வேண்டிய இடத்தில் மூச்சு விட்டான். சிரிப்பு வரவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான். ஒன்பது வருஷத்தில் ஒரு தரம்கூடத் தவறாத சிரிப்பு அன்று தாமதமாக, அவன் அடுத்த வாக்கியத்தின் நடுவில், வெட்கமும் அழுகையும் கலந்து, கையால் வாயைப் பொத்தியும் நிற்காமல் வந்தது. ஜோக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஊரில் எல்லோரும் கிரிஷ்ஷின் ஜோக்குக்குத்தான் அப்படிச் சிரிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

கவடியார் மாளவிகாவுக்குச் சேர வேண்டிய குக்கர் என் அலமாரியில் இன்னும் இருக்கிறது. அடையாள அட்டையோடு நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. கல்யாணத்துக்கு நான் அதையே கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நெடுமங்காட்டிலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்தார். ஷாலு அவரிடம் தோற்றுப்போனாள்.